மாப்பிள்ளையின் வண்டியும் மாடு பூட்டாத கலப்பையும்

"அம்மா, ஜனவரியிலே குழந்தை பொறக்கப் போவுது. அப்போ பனி கொட்டும், பிளேன் வராமப் போனாலும் போயிடும். நீ நவம்பர்லயே வந்துடும்மா" என்று என் பெண் போனில் சொன்னபோது, பனி என்றால் நம்ம ஊர் மார்கழிப் பனிதான் என் கண்முன் வந்தது. தலையில் ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சுக்கு, ஓமம், பத்தியக் குழம்புப் பொடி, பிரசவ லேகியம் எல்லாம் மூட்டை கட்டினேன். மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறென்ன தெரியும், சொல்லுங்கள்!

பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ என்ற ஊருக்குத் தெற்கே. "பஃபலோன்னா எருமைதானே மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "ஆமாம் அத்தை. மழையிலே நின்ன எருமை மாதிரி, எவ்வளவு பனி கொட்டினாலும் இந்த ஊர் அசையாது" என்று சிரித்தார். வந்த மூன்றாவது வாரமே அந்தச் சிரிப்பு காணாமற் போனது.

நியூயார்க் நகரம் கடலோரம் இருக்கிறது. பஃபலோவோ மாநிலத்தின் மறு கோடியில், ஈரி என்னும் பெரிய ஏரியின் கிழக்குக் கோடியில். இந்த ஏரிதான் பனிக்குக் காரணம். குளிர் ஆரம்பிக்கும்போது ஏரித் தண்ணீர் கோடைச் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் ஐஸ் போன்ற காற்று வீசினால், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்து ஊருக்குத்தான் யோகம். இங்கே முழங்கால் அளவு பனி, ஏழெட்டு மைல் தள்ளி வெயில்! ஐந்து பெரிய ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. அதனால் நல்ல குளிரில் மேலே உறைந்து மூடிக்கொள்ளும். அப்படி உறைந்துவிட்டால் இந்த ஏரிப் பனி குறையும். அதுவரை வீட்டுக்கு வீடு ஏரியைப் பற்றித்தான் பேச்சு, நம் பக்கம் மேட்டூர் அணை நீர்மட்டம் பேசுகிற மாதிரி.

வராத ஆளும் தவறிய செக்கப்பும்

பெண்ணின் வீடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கார் போகிற பாதையை டிரைவ்வே என்கிறார்கள். நீளம் சுமார் 150 அடி, அகலம் 10 அடி. பொதுச் சாலையில் விழும் பனியை ஊராட்சி லாரி தள்ளிவிடும். நம் பாதையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து 450 டாலர் பேசி, ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி 14 அங்குலம் விழுந்தது. விடிந்ததும் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பாதையும் காணோம், படியும் காணோம். எங்கும் வெள்ளை வெளேர். அழகுதான், ஆனால் அன்று பெண்ணுக்கு டாக்டர் செக்கப். அப்போது எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வாரம் தவறாமல் வந்து காட்டணும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பனி தள்ளும் ஆளோ வரவில்லை. போன் செய்தால், "வரிசையா வந்துக்கிட்டிருக்கேன்" என்று பதில். அவர் வந்து சேர்ந்தது மறுநாள் மத்தியானம்.

பொறுக்க முடியாமல் மாப்பிள்ளை மண்வாரி மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு தானே இறங்கினார். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ளே வாங்க மாப்பிள்ளை, ஒரு பிரசவம் போதும் இந்த வீட்டுக்கு" என்று அதட்டி அழைத்து வந்தேன். விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு உள்ளூரப் பயம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அந்த நேரம் பார்த்துக் கனமான பனியை வாரித் தூக்கி எறிந்தால் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் சட்டென்று ஏறும். பனி வாரும்போது மாரடைப்பு வந்து இறப்பவர்கள் அந்த நாட்டில் வருஷா வருஷம் உண்டு. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் திடீரென்று இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

அன்று செக்கப் தவறிவிட்டது. பெண் ராத்திரி முழுக்க வாய் பேசவில்லை. "வலி எடுக்கிற அன்னிக்கும் இப்படி ஆனா என்னம்மா பண்றது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளையின் யோசனை

வாசலில் மாப்பிள்ளையின் பிக்அப் வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்னால் நாலு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. அந்த ஊரில் இதை 'அரை டன் வண்டி' என்கிறார்கள். ஒரு காலத்தில் அரை டன் பாரம் ஏற்றுகிற வண்டி என்று வைத்த பெயர். இப்போது அதைவிட அதிகமாகவே ஏற்றுகிறது, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதற்கு மேல் முக்கால் டன், ஒரு டன் என்று பெரிய அண்ணன்மார்கள் உண்டு.

"இதன் முன்னால் ஒரு ஸ்னோ ப்ளோ மாட்டிக்கிட்டா, யார் தயவும் வேண்டாம் அத்தை" என்றார் மாப்பிள்ளை. ப்ளோ என்றால் கலப்பை. பெயர்தான் கலப்பையே தவிர, பார்க்க நம் வயலில் பரம்பு அடிக்கிற பலகை மாதிரி இருக்கிறது. ஆளுயரத்துக்கும் அதிக நீளமுள்ள வளைந்த தகடு. வண்டியின் மூக்கில் மாட்டி, பொத்தானை அமுக்கினால் ஏறும், இறங்கும், பக்கவாட்டில் திரும்பும்.

பெண் சம்மதிக்கவில்லை. "நாலாயிரம் டாலர்! வருஷம் 450 கொடுத்தா ஒன்பது வருஷத்துக்கு ஆள் வச்சுக்கலாம். வண்டியும் கெட்டுப் போகும். இது ஆபீஸ் போக வாங்கின வண்டி."

"அந்த ஆள்தான் வரலையே!"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நான் நடுவில் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பல வருஷம் ஒரு டன் வண்டியில் ஊராருக்குப் பனி தள்ளிப் பிழைத்தவர். சாயங்காலம் தேங்காய் பர்பி எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

கதவோரத்துச் சீட்டு

பெரியவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைக் காட்டினார். முன் அச்சு எவ்வளவு பாரம் தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று கம்பெனியே அதில் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. "முதலில் இதைப் படி, பிறகு கடைக்குப் போ" என்றாராம். என் பெண்தான் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

பெரிய வண்டிகளுக்கான கலப்பை 350, 400 கிலோ வரை இருக்கும். அரை டன் வண்டிக்கென்று செய்கிற லேசான கலப்பை 150 முதல் 250 கிலோ. இந்தக் கனம் நேரே அச்சின் மேல் உட்காராது, மூக்குக்கு முன்னால் தொங்கும். அதனால் உண்மையான எடையைவிட அதிகமாக முன் அச்சை அமுக்கும். பின்பக்கம் லேசாகிச் சக்கரம் வழுக்கும். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. எங்கள் அப்பா மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது "முன்பாரமா இருக்கு, ரெண்டு மூட்டையைப் பின்னால தள்ளு" என்று சத்தம் போடுவாரே, அதே கணக்கு! இங்கேயும் அதேதான் வைத்தியம். பின்தொட்டியில் பின் அச்சுக்குப் பின்னால் மணல் மூட்டைகள் போட்டு, நகராதபடி கட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, பனியின் கனம். பஞ்சு மாதிரி இருக்கிறதே, இதில் என்ன கனம் என்றுதான் நானும் நினைத்தேன். பெரியவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் பாதையில் ஓர் அடி உயரம் புதுப்பனி விழுந்தால் சுமார் 4 டன். அதுவே ஈரப்பனியானால் 12 டன்னுக்குக் குறையாது. 4 அங்குலம் விழுந்தவுடனே தள்ளினால் ஒன்றரை டன்கூட இல்லை.

மூன்றாவது, கியர் பாக்ஸ். முன்னால் போ, நில், பின்னால் வா, நில், மறுபடி முன்னால் போ. சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது பழக்கமில்லாத உழைப்பு. உள்ளே இருக்கும் எண்ணெய் கொதித்துவிடும். கலப்பை மாட்டத் தோதாக, முன் வில்லும் மின்சார ஏற்பாடும் பலப்படுத்திய வண்டியாகவே சிலர் கேட்டு வாங்குவதுண்டு. அது இல்லாத வண்டியில் எந்தக் கலப்பை மாட்டினாலும் கம்பெனியின் கேரண்டி நிற்குமா என்று முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

எல்லாம் கேட்டதும் நான் பெண்ணிடம் சொன்னேன்: "எங்க அப்பா வண்டி மாட்டை ஏர்ல பூட்ட விடமாட்டார்டீ. அவசரத்துக்கு அரை நாள் உழும், அதையே தினம் பண்ணினா கால் உடைஞ்சு படுத்துடும்பார்." பெண் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் பெரியவர் கைதட்டிச் சிரித்தார். "நாற்பது வருஷமா நான் சொல்ல நினைச்சதை உங்கம்மா ஒரே வரியிலே சொல்லிட்டாங்க" என்றாராம்!

இன்னொன்றும் சொன்னார். எங்கள் பாதையில் பாதி நீளம் இருந்தால் கலப்பையே வேண்டாம், கையால் தள்ளிக்கொண்டு போகிற ஸ்னோ புளோயர் போதும், விலையும் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு டாலரோடு முடிந்துவிடும் என்றார். 150 அடிக்கு, அதுவும் அவசரத்துக்கு, லேசான கலப்பை சரிதான். ஆனால் 2014 நவம்பரிலும் 2022 நவம்பரிலும் அந்தப் பக்கத்து ஊர்களில் ஐந்தடி, ஆறடிக்கு மேல் விழுந்ததே, அந்த மாதிரிப் பனிக்கு அரை டன் வண்டி மட்டுமில்லை, ஒரு டன் வண்டியும் உதவாதாம். மண் அள்ளும் பெரிய இயந்திரம்தான் வரவேண்டும்.

ஆசை யாரை விட்டது?

சீட்டைப் படித்து, கேரண்டியைக் கேட்டு, 180 கிலோ எடையுள்ள லேசான கலப்பை வாங்கினார்கள். மாட்டுகிற கூலியோடு நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பின்னால் தலைக்கு 27 கிலோவில் ஐந்து மணல் மூட்டைகள். முதல் இரண்டு தடவை அழகாக வேலை செய்தது. மாப்பிள்ளைக்குக் குஷி தாங்கவில்லை. பக்கத்து வீடுகளுக்கும் தள்ளிக் கொடுத்தால் போட்ட பணம் வந்துவிடும் என்றுகூட ஒருநாள் சொன்னார். கூலிக்குத் தள்ளினால் சாதாரண இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்று பெண் ஒரே போடாகப் போட்டாள்.

டிசம்பர் நடுவில் ஆபீசில் வேலை அதிகம். இரண்டு நாள் பனியைச் சேர்ந்தாற்போல் விட்டுவிட்டார். அதுவும் ஈரப்பனி. மூன்றாம் நாள் காலை அவசர அவசரமாக வண்டியை எடுத்து, முட்டுவதும் பின்வாங்குவதுமாக இருபது நிமிஷம். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டி நின்றுவிட்டது. கியர் பாக்ஸ் சூடேறிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிகிறதாம். கருகின எண்ணெய் வாடை வாசல்வரை வந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் கோட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தார். "நகர்த்தாதே! பார்க்கிலே போட்டு என்ஜினைச் சும்மா ஓடவிடு, தானா ஆறும்" என்றார். அன்றைக்கு ஒரு டன் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துத்தான் பாதையைத் திறந்தோம். பிறகு பட்டறையில் எண்ணெய் மாற்றினார்கள். நல்லவேளை, அதோடு தப்பியது.

வண்டியின் மேல் குற்றமில்லை, சகோதரிகளே. நாலு அங்குலத்தில் தள்ள வேண்டியதைப் பதினாலு அங்குலமாக்கியது நாம். பாத்திரத்தை உடனே அலம்பினால் ஒரு நிமிஷம், காயவிட்டால் ஒரு மணி நேரம் என்று நமக்குத் தெரியாததா?

அந்த ராத்திரி

ஜனவரியில் ஒரு சாயங்காலம் பனி தொடங்கியது. விடிவதற்குள் 10 அங்குலம் என்று வானிலை அறிக்கை. இந்தத் தடவை மாப்பிள்ளை ஏமாறவில்லை. ஒன்பது மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை தள்ளிவிட்டு வந்து படுத்தார். பனியைப் பாதையின் விளிம்போடு நிறுத்தாமல், இன்னும் வரப்போகிற பனிக்கு இடம் விட்டு, புல்தரையில் நன்றாக உள்ளே தள்ளிவிட்டார்.

இரண்டரை மணிக்குப் பெண் என் தோளைத் தொட்டாள். "அம்மா, வலி வந்துடுச்சும்மா." முகம் வெளுத்திருந்தது.

மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். பாதை நிமிஷத்தில் சுத்தமாயிற்று. ஆனால் சாலை முனையில் ஊராட்சி லாரி தள்ளிவிட்டுப் போன பனி, முழங்கால் உயரத்துக்கு இறுகிப்போய் வரப்பு மாதிரி கிடந்தது. மாப்பிள்ளை பதற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, வேகமாக முட்டத் தயாரானார். நான் வாசற்படியில் நின்று என் வாழ்நாளில் கத்தாத கத்தலாகக் கத்தினேன்: "மாப்பிள்ளை, வண்டி மாடு! வண்டி மாடு!"

அவர் நின்றார். ஒரு மூச்சு விட்டார். பிறகு நாலு சக்கரமும் இழுக்கிற மெதுவான கியரில் போட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, கேக் வெட்டுகிற மாதிரி சீவிச் சீவித் தள்ளினார். திசை மாற்றும்போதெல்லாம் வண்டி முழுசாக நின்ற பிறகே கியரைத் தொட்டார். பத்து நிமிஷம். எனக்குப் பத்து வருஷம். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. பெரியவர் தன் பழைய ஒரு டன் வண்டியைக் கிளப்பித் தயாராக நின்றிருந்தார். வழி திறந்ததைப் பார்த்ததும் கையை உயர்த்தி "போங்கள்" என்று காட்டினார். பிக்அப்பை ஓரமாக விட்டுவிட்டுக் காரில் ஏறினோம்.

காலை ஏழு மணிக்கு என் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் சுகம். ரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் நேரத்தோடு வந்து சேர்ந்தது நல்லதாயிற்று என்று நர்ஸ் சொன்னாள். நான் வெளியே பார்த்தேன். பனி இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அன்று அதுவும் அழகாகத்தான் இருந்தது.

பனி ஊரில் பிள்ளைகள் இருக்கும் சகோதரிகளுக்கு

பெண்ணோ பிள்ளையோ குளிர் நாட்டில் இருந்தால், சின்ன பிக்அப் பனி தள்ளப் பொருந்துமா என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் ஒருநாள் வரும். என் அனுபவத்தில், சொந்த வாசலுக்குப் பொருந்தும், ஊர் வாசலுக்குப் பொருந்தாது. மேலும் சில:

* வண்டியின் கதவோரத்துச் சீட்டில் முன் அச்சுக் கணக்கைப் பார்த்த பிறகே கலப்பை வாங்கச் சொல்லுங்கள். கலப்பை, அதை மாட்டும் சட்டம், உள்ளே உட்காரும் ஆட்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி.

* 3, 4 அங்குலம் சேர்ந்ததும் தள்ளிவிட வேண்டும். நடக்கிற வேகத்தில் தள்ளினால் போதும்.

* சாலையில் போகும்போது தூக்கிய கலப்பை ரேடியேட்டருக்குக் காற்றை மறைக்கும். தூரப் பயணத்துக்கு அதைக் கழற்றிவிடுவதே நல்லது.

* நம் பாதைப் பனியைப் பொதுச் சாலையில் தள்ளக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் அது சட்டப்படி குற்றம். தீயணைப்புக் குழாயையும் மூடக் கூடாது.

* வண்டி பனி தள்ளும்போது குழந்தைகள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பின்னால் வருகிற வண்டிக்குச் சின்னக் குழந்தை தெரியாது. சாலையோரப் பனிக் குவியலில் குகை தோண்டி விளையாட விடவே கூடாது. லாரி வந்து மேலும் பனியைத் தள்ளினால் மூடிவிடும்.

* காரைக் கிளப்புவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை எடுத்துவிட வேண்டும். குழாய் அடைத்திருந்தால் வாசனையே இல்லாத விஷவாயு காருக்குள் நிறையும். ஹீட்டர் போடுகிறோம் என்று குழந்தையை முதலில் உள்ளே உட்காரவைக்காதீர்கள்.

* பனி வாரினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும், தூக்கி எறியக் கூடாது. இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல், கையில் வலி தெரிந்தால் உடனே நிறுத்தி உதவிக்குக் கூப்பிட வேண்டும்.

* எந்த ஏற்பாடு இருந்தாலும், பெரும்புயல் அறிவிப்பு வந்தால் மாதம் நிறைந்த பெண் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்கிவிடுவது உத்தமம். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் பஃபலோவில் வீசிய பனிப்புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆம்புலன்ஸ்களே பனியில் மாட்டிக்கொண்டன.

பேத்திக்குப் புண்ணியாகவாசனம் முடிந்து, பங்குனியில் ஊர் திரும்பினேன். விமானத்துக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெரியவர் வந்து கை கூப்பினார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, தமிழில் இரண்டே வார்த்தை சொன்னார்: "வண்டி மாடு!"